பீட்ரூட் ஜூஸும் பி.பி. மாத்திரையும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?

கேள்வி: 3 ஜூன், இரவு 8.50

மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு. கிளினிக்கில் அம்லோடிபின் 10 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளாகக் கணுக்கால் வீங்குகிறது. பக்கத்து வீட்டு அத்தை, பீட்ரூட் ஜூஸ் குடித்தால் இரத்தக்குழாய் தானாகத் தளரும், மாத்திரையே வேண்டாம் என்கிறார். தேடிப் பார்த்தால் இரண்டுமே இரத்தக்குழாயைத் தளர்த்தும் என்றுதான் போட்டிருக்கிறது. ஒரே வேலை என்றால் வீக்கம் தராததை எடுத்துக்கொள்ளலாமே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 9.20

மாத்திரையை நிறுத்த வேண்டாம், தங்கச்சி.

அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். இரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய மறுநாள் அளந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். "பார்த்தாயா, ஜூஸ் வேலை செய்கிறது" என்பார் அத்தை. சில நாள் கழித்து ஏறும்போது அத்தை வேறு வீட்டுக்கு வைத்தியம் சொல்லப் போயிருப்பார்.

மீதியை நாளை எழுதுகிறேன்.

4 ஜூன், காலை 6.40

நான் டாக்டர் இல்லை. அரசாங்க கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் என்ன கேட்பார், எதைக் கேட்காமல் போவார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"இரண்டும் தளர்த்தும்" என்பது பொய்யில்லை. எப்படித் தளர்த்துகின்றன என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இரத்தக்குழாயின் சுவரில் மென்தசை வளைத்து ஓடுகிறது. அது சுருங்கக் கால்சியம் செல்லுக்குள் நுழைய வேண்டும். நுழைந்த கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேரும், அந்தச் சேர்க்கை ஒரு நொதியை எழுப்பும், நொதி போய் மயோசின் இழைகளில் பாஸ்பேட்டைக் கட்டும், இழைகள் இழுக்கும், குழாய் குறுகும். அம்லோடிபின் கால்சியம் நுழையும் வாசலிலேயே நின்று மறிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டோ, பல படி தாண்டி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாகிறது. இது வாசல் பக்கம் போவதில்லை. நேராகத் தசை செல்லுக்குள் புகுந்து குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தட்டிவிடுகிறது. அதனால் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற தூதுப்பொருள் பெருகுகிறது. உள்ளே இருக்கும் கால்சியம் குறைகிறது, கட்டிய பாஸ்பேட்டும் கழற்றப்படுகிறது.

பெரிண்டோபிரில், எனலாபிரில் என்ற பி.பி. மாத்திரை வகை இன்னொன்று. தசையை நேரடியாகத் தொடாது. குழாயை இறுக்கச் சொல்லும் ஆஞ்சியோடென்சின் 2 உருவாகாமலேயே செய்துவிடும்.

முடிவு ஒன்றுதான், தொடங்குகிற இடம் வேறு. எத்தனை மணி நேரம் நிற்கும், எதோடு சேர்ந்தால் ஆபத்து, கால் வீங்குமா, இருமல் வருமா என்பதெல்லாம் தொடங்குகிற இடத்தைப் பொறுத்தவை.

4 ஜூன், பகல் 1.10

மயிரிழை அகலக் குழாய் இம்மி விரிந்தால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் 10 விழுக்காடு கூடினால் 1.1ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 1.46. அதாவது அதே அழுத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஓட்டம். எதிர்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் புவாசே 19ஆம் நூற்றாண்டில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளந்து கண்ட விதி இது. இரத்தம் தண்ணீர் இல்லை, நம் குழாய் கண்ணாடியும் இல்லை, கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான்.

4 ஜூன், இரவு 10.05

வீக்கத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரிக்கும் இதே 10 மில்லிகிராமில் வந்தது. காலையில் கால் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் சிலிப்பரைக் கழற்றினால் வார் இருந்த இடத்தில் பள்ளம், இரண்டு பக்கமும் மேடு. கணுக்கால் எலும்பைத் தேட வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். உப்பு கூடிவிட்டது என்று அவள் கருவாட்டை நிறுத்தினாள். கருவாட்டை நிறுத்தியது நல்லதுதான், வீக்கம் மட்டும் அசையவில்லை.

ஏன் என்றால் அம்லோடிபின் விரிப்பது இரத்தம் வரும் பக்கத்துச் சிறு தமனிகளை. திரும்பிப் போகிற சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வருகிற கதவு அகலம், வெளியே போகிற கதவு பழையபடி. நடுவில் மாட்டிய நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் சதைக்குள் கசிகிறது. நின்றுகொண்டே இருந்தால் பூமி இழுப்பதால் எல்லாம் காலில் சேரும். உடம்பில் நீர் கூடிவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதனால்தான் சிறுநீர் போக்கும் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. அளவைக் குறைத்தால் வடியும். பெரிண்டோபிரில் போன்ற ஒன்றைச் சேர்த்தாலும் பல பேருக்கு வடிகிறது, அது சிரைப் பக்கத்தையும் தளர்த்துவதால்.

ஆகவே டாக்டரிடம் "மாத்திரை வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். "10 மில்லிகிராமில் கால் வீங்குகிறது" என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அது போதும்.

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால்தான் இந்தக் கதை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அப்பாய்ன்மென்ட் தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

5 ஜூன், மாலை 5.30

பீட்ரூட்டை நான் மட்டம் தட்டவில்லை. 2008இல் லண்டனில் ஆரோக்கியமான ஆட்களுக்கு அரை லிட்டர் ஜூஸ் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் பி.பி.யின் மேல் எண் 10 புள்ளி அளவுக்கு இறங்கியது. ஒரு மாத்திரைக்குச் சமம் என்று சொல்லக்கூடிய இறக்கம்.

எனக்குப் பிடித்தது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. ஜூஸ் குடித்தவர்களை எச்சிலை விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். இறக்கம் காணாமல் போய்விட்டது! காரணம் இது: வயிற்றுக்குப் போன நைட்ரேட் இரத்தத்தில் கலந்து, எச்சில் சுரப்பி வழியாக மறுபடி வாய்க்கே வருகிறது. நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் கிருமிகள்தான் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கினால்தான் நைட்ரிக் ஆக்சைடு வரை போகும். கிருமிநாசினி போட்ட மருந்தால் காலையும் மாலையும் வாய் கொப்பளிப்பவர், அந்தக் கிருமிகளைக் கொன்றுவிட்டு ஜூஸ் குடிக்கிறார்.

அப்புறம், நைட்ரேட் பீட்ரூட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. நம் பாசாரில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பாயாம் கீரையிலும் (தண்டுக்கீரை வகை) தாராளமாக இருக்கிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

ஆனால் தினமும் அரை லிட்டர் யார் குடிப்பார்கள்? மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தேய்ந்துபோகிற விஷயம். ஒரு வேளை விட்டால் அன்றைக்குப் பாதுகாப்பு இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து, கல் வருகிறவர்களுக்கு ஆக்ஸலேட் ஆபத்து. மாத்திரையோடு சேர்த்து, சர்க்கரை போடாமல், சாப்பாட்டில் ஒரு பொரியலாகச் சாப்பிடட்டும். அத்தைக்கும் மரியாதை.

5 ஜூன், இரவு 7.15

மறந்துவிட்டேன். பீட்ரூட் சாப்பிட்ட சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். ஒருவர் வெளிறிய முகத்தோடு கவுண்டருக்கு ஓடிவந்து, இரத்தமாகப் போகிறது என்று நின்றார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, வெட்கத்தோடு திரும்பிப் போனார்.

7 ஜூன், காலை 9.00

இந்த நைட்ரிக் ஆக்சைடு கதையை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

வெடிக்கிற திரவமான நைட்ரோகிளிசரினை 1847இல் சோப்ரேரோ என்ற இத்தாலிக்காரர் உண்டாக்கினார். துளி நாக்கில் வைத்தாலே மண்டை இடிக்கும் என்று அவரே எழுதி வைத்தார். அதை அடக்கி டைனமைட் செய்தவர் ஆல்ஃபிரெட் நோபெல், 1867இல். டைனமைட் தொழிற்சாலைகளில் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறவர்களுக்குத் தலைவலி. வாரம் போகப் போகப் பழகிவிடும், ஞாயிறு விடுமுறை முடிந்து வந்தால் மறுபடி இடி. குழாய்கள் விரிந்ததால் வந்த வலி அது. இன்றைக்கும் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து (நைட்ரோகிளிசரினும் இந்த வகைதான்) போடுகிறவர்களுக்கு ஒரு நாளில் சில மணி நேரம் மருந்தில்லாத இடைவெளி விடச் சொல்வது இதே பழக்கத்தை உடைக்கத்தான்.

1879இல் முர்ரெல் என்ற லண்டன் மருத்துவர் அதையே நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். கடைசிக் காலத்தில் நோபெலுக்கே இதய நோய் வந்து, டாக்டர் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின். விதியின் கேலி என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

அது ஏன் வேலை செய்கிறது என்று தெரிய இன்னும் நூறு ஆண்டு ஆனது. 1977இல் முராட் என்ற விஞ்ஞானி, இந்த மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடை விடுகின்றன என்று காட்டினார். 1980இல் ஃபர்ச்காட் என்ற இன்னொரு விஞ்ஞானி முயலின் தமனித் துண்டுகளை வைத்து ஒன்றைக் கண்டார். உள் தோல் ஒழுங்காக இருந்த துண்டு அசிட்டைல்கோலின் என்ற பொருள் பட்டதும் தளர்ந்தது. உள் தோல் உரசி உதிர்ந்த துண்டு தளரவில்லை. ஆக, தசைக்குத் "தளர்" என்று சொல்லி அனுப்புவது அந்த மெல்லிய உள் தோல். அது அனுப்பும் பொருளும் நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது 1986, 1987இல் உறுதியானது. புகைக்கிற சிகரெட், கூடிக்கிடக்கும் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் முதலில் கெடுப்பது இந்தத் தோலைத்தான். 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபெல் பரிசு. டைனமைட் காசில் வந்த பரிசு.

7 ஜூன், காலை 9.40

நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஆவியாகிப் போகும் சரக்கு. கறுப்புக் கண்ணாடிப் புட்டியிலேயே இருக்கட்டும். ஒரு பெரியவர் அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி, மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுச் செம்பனைத் தோட்டம் முழுக்கச் சுற்றுவார். வலி வந்தால் அவர் வாயில் வைப்பது வெறும் சுண்ணாம்பு மாதிரிதான். போடும்போது உட்கார்ந்து போடுங்கள், நின்றால் தலை சுற்றி விழுவீர்கள்.

8 ஜூன், இரவு 9.30

பூச்சோங் அண்ணன் கோபமாக எழுதியிருக்கிறார்: "எல்லாம் கெமிக்கல், சர்ப்பகந்தா வேர் மாதிரி இயற்கை மருந்துக்கு மாறுங்கள்."

அண்ணே, நீங்கள் சொல்லும் சர்ப்பகந்தாவிலும் கெமிக்கல்தான். பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் 1949இல் இரத்தக் கொதிப்புக்கு அதைக் கொடுத்த அனுபவத்தை எழுதி உலகத்துக்குத் தெரிய வைத்தார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தார்கள். நரம்பு முனைகளில் சேர்த்து வைத்த நோர்அட்ரினலினைக் காலி செய்துவிடும். குழாயை இறுக்கச் சொல்ல ஆளில்லை, அழுத்தம் இறங்குகிறது. மூளையிலும் அதே காலி, சிலருக்கு மனம் உடைந்து போனது. வேரிலிருந்து வந்தது என்பதால் அது நம்மிடம் கருணை காட்டவில்லை.

இயற்கை என்றால் இன்னொன்று சொல்கிறேன். பிரேசிலில் ஜரராக்கா என்று ஒரு விரியன். அதன் விஷத்தில் அழுத்தத்தை இறக்கும் பொருள் இருப்பதை ஃபெரேரா என்ற பிரேசில் விஞ்ஞானி 1965இல் காட்டினார். ஆஞ்சியோடென்சின் 2ஐ உண்டாக்கும் நொதியை அது தடுக்கிறது. அதைப் பார்த்துக் குஷ்மேன், ஒண்டெட்டி என்ற விஞ்ஞானிகள் கேப்டோபிரில் என்ற மாத்திரையைச் செய்தார்கள், 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. "பிரில்" என்று முடியும் மாத்திரை எல்லாம் அந்தப் பாம்பின் பேரப்பிள்ளைகள். தோட்டத்து நாகத்திடம் போய் யாரும் முயற்சி செய்ய வேண்டாம், அது வேறு குடும்பம்.

9 ஜூன், காலை 7.20

பாம்பைச் சொன்னேன், இருமலைச் சொல்லவில்லை.

பிரில் தடுக்கும் அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளை உடைப்பது. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்கும். பாதி நல்லது, ஏனென்றால் அது உள் தோலைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடை விட வைக்கிறது. மீதி தொல்லை, தொண்டையில் அரிப்பெடுத்து வறட்டு இருமல். இரவில் படுத்ததும் தொடங்கும், சளியே வராது. நம் ஆசிய ஆட்களுக்கு வெள்ளைக்காரர்களைவிட அதிகம் வருகிறது.

இங்கேதான் வேடிக்கை. இருமல் என்றதும் நம் வீட்டில் அதிமதுரம் போட்டுக் கஷாயம். சீன மருந்துக் கடையிலும் அதே வேர் கிடைக்கும். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றும். மாத்திரையால் இருமல், இருமலுக்குக் கஷாயம், கஷாயத்தால் கொதிப்பு, கொதிப்புக்கு இன்னும் பெரிய மாத்திரை. இந்த வட்டத்தில் ஒரு அம்மா வெகு நாள் சுற்றினார். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கஷாயத்தை மருந்தாக நினைக்கவில்லை. மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎஃபெட்ரினும் குழாயை இறுக்குகிற சாதிதான்.

இருமல் தாங்கவில்லை என்றால் லோசார்டான் வகைக்கு மாற்றுவார்கள். அது நொதியை விட்டுவிட்டு, ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை அடைக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டு வகையுமே ஆகாது. இந்த மாத்திரைகளைச் சாப்பிடும்போது உதடோ நாக்கோ வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

11 ஜூன், மாலை 6.10

தங்கச்சி எழுதியிருந்தார், அம்மாவுக்கு அம்லோடிபினை 5 ஆக்கிப் பெரிண்டோபிரில் சேர்த்திருக்கிறார்களாம். நல்லது. இருமல் வருகிறதா என்று பாருங்கள். இரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகமும் பார்க்க மறுபடி கூப்பிடுவார்கள், போகாமல் இருக்காதீர்கள்.

கோலகங்சார்க்காரர் கேட்டது: தம்புன் ஊர்ப் பொமெலோ (பம்பளிமாஸ்) சாப்பிடலாமா? வெளிநாட்டில் கிரேப்ஃபுரூட் கூடாது என்கிறார்களே?

1989இல் கனடாவில் பெய்லி என்பவரின் குழு தற்செயலாகக் கண்டது அது. அம்லோடிபின் வகை மாத்திரையான ஃபெலோடிபினோடு கிரேப்ஃபுரூட் சாறு குடித்தவர்களுக்கு இரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறியது. பழத்திலுள்ள ஃபியூரனோகூமரின், குடலில் மருந்தை உடைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. பொமெலோதான் கிரேப்ஃபுரூட்டுக்குத் தாய்ப்பழம், அதிலும் அந்தப் பொருள் உண்டு. அம்லோடிபினுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஃபெலோடிபின், நிஃபெடிபின் சாப்பிடுகிறவர்கள் தவிர்ப்பதே நல்லது. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் போதாது, முடங்கிய நொதி திரும்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். தம்புன்காரர்கள் மன்னிக்கவும்.

12 ஜூன், காலை 8.00

பெலிம்பிங் பூலோ (புளிப்பான பிலிம்பிக் காய்) சாறு பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். மீன் குழம்பில் நாலு காய் போடுவது வேறு, கொதிப்புக்கு என்று டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பது வேறு. ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் படிந்து, சில நாள் குடித்ததிலேயே சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு.

14 ஜூன், காலை 6.15

காலையில் ஏன் எண் கூடுகிறது என்று கேட்டிருந்தார்கள். எழும் நேரத்தில் அட்ரினலினும் கார்டிசோலும் ஏறும், குழாய்கள் இறுகும். பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களுக்கு இது புதிதில்லை. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், வெட்டியதும் பால் ஓடும். நேரமானால் இலை வழியே நீர் போய்ப் பால் மந்தமாகும். அப்பா மூன்று மணிக்கே தலைவிளக்கு கட்டிக்கொண்டு கிளம்பியது அதற்காகத்தான். காரணம் வேறு, நேரம் மட்டும் ஒன்று. எழுந்து, சிறுநீர் கழித்து, காப்பி குடிக்கும் முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து அளங்கள். அளக்கும்போது பேசாதீர்கள்.

16 ஜூன், இரவு 10.40

கடைசியாகக் காப்பி. ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், பெயர் சொல்லவில்லை.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) "ஆண்களுக்கு" என்று தோங்காட் அலி வேர் கலந்த காப்பிப் பொட்டலம் விற்கிறார்கள். வயாகரா வகை மருந்துகளான சில்டெனாஃபில், தாதாலாஃபில் கலந்த இந்த மாதிரிச் சரக்கை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மருந்து என்றால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இருக்க வேண்டும். காப்பி என்று விற்றால் உணவுக் கணக்கில் நழுவிவிடுகிறது. குடித்தவர் வேரின் மகிமை என்று நினைக்கிறார்.

4ஆம் தேதி எழுதிய சைக்ளிக் ஜி.எம்.பி. நினைவிருக்கிறதா? அதை உடைத்துத் தீர்க்கும் நொதியைத்தான் சில்டெனாஃபில் தடுக்கிறது. நெஞ்சுவலி மாத்திரையோ அதைப் பெருக்குகிறது. ஒரு பக்கம் பெருக்கி, மறு பக்கம் உடைக்கவும் விடாவிட்டால் குழாய்கள் மொத்தமாக விரிந்து, அழுத்தம் தரைமட்டத்துக்குப் போகும். ஆளே போய்விடுவார். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், தாதாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் பக்கமே போகக் கூடாது என்பது விதி. பொட்டலத்தில் எது இருக்கிறது என்று குடித்தவருக்குத் தெரியாது.

இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எமர்ஜென்சிக்குப் போகிறவரிடம் அங்குள்ள டாக்டர்கள் இந்த மாதிரி ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்பார்கள். மனைவி பக்கத்தில், மகன் பக்கத்தில் நிற்பான், "இல்லை" என்று தலையாட்டத் தோன்றும். டாக்டர்கள் கையில் நைட்ரேட் தயாராக இருக்கிறது. வீட்டாரை வெளியே அனுப்பச் சொல்லியாவது காப்பி குடித்ததைச் சொல்லுங்கள். பொட்டலம் பையில் இருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள்.